இங்கிலாந்துத் தேவாலய மணிகளைப் பாட்டாக இசைக்காமல், வரிசையை மாற்றி மாற்றி ஒலிப்பது ஏன்?

காரணம், மணி பொருத்தப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கீழே நிற்பவர் கம்பளி நூல் வேய்ந்த கயிற்றுப் பிடியை இழுத்ததும், வாய் மேல்நோக்கி நிற்கும் மணி ஏறக்குறைய ஒரு முழு வட்டம் சுழன்று மீண்டும் அதே நிலைக்கு வந்து சேரும். பல நூறு கிலோ வெண்கலத்தை நினைத்த நொடியில் ஒலிக்கவைக்க முடியாது. உச்சியில் சற்றுத் தாமதிக்கவோ சற்று முந்தவோ மட்டுமே இயலும். ஆகவே ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்கு ஒரு மணி அதிகபட்சம் ஓரிடம்தான் நகரும்: 1 2 3 4 5 6 என்பது 2 1 4 3 6 5 ஆகி, பிறகு 2 4 1 6 3 5 ஆகும். இசை என்பதைவிட, காதில் விழும் கணிதம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்த வரிசையும் இரண்டாம் முறை வரக்கூடாது. ஏழு மணிகளுக்கு 5040 வரிசைகள். அவற்றை ஒலித்து முடிக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும், அதுவும் தாளைப் பார்க்காமல், மனப்பாடமாக. நாரிச் நகரின் புனித பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்தில் 1715-லேயே இதைச் செய்துவிட்டார்கள். எட்டு மணிகளுக்கான 40,320 வரிசைகளையும் 1963-இல் லஃபரோவில் எட்டுப் பேர், இடையில் ஆள் மாறாமல், ஏறக்குறைய 18 மணி நேரம் நின்று ஒலித்தார்கள்.