கொப்பிய வாவிக்குள்ள போட்டது என்ட கூட்டாளி, பழி இன்னொரு புள்ளைக்கு

வணக்கம் மிஸ்,

எனக்கு 16 வயசு. மட்டக்களப்பு டவுன்ல ஒரு ஸ்கூல்ல 11ஆம் தரம் படிக்கிறன், இந்த முறை ஓ/எல் சோதினை. அப்பா கிளாக், அம்மா வீட்டுல தையல் தைக்கிறவ. எங்களுக்கு சாப்பாட்டுக்கு கஷ்டம் இல்ல, அதுக்காக வசதியெண்டும் சொல்ல ஏலா. அதால ரெண்டு பக்கத்து புள்ளைகளும் என்னத் தங்கட ஆளெண்டு நினைக்கிறாங்க, இப்ப அதுதான் எனக்கு வினையாப் போச்சு. பேரெல்லாம் மாத்தித்தான் எழுதுறன்.

நிலா எண்டு ஒரு கூட்டாளி, 6ஆம் தரத்துல இருந்து ஒரே மேசை. அவள் வாவிக்கு மேற்குக் கரையில இருக்கிற படுவான்கரைப் பக்கம், புலமைப்பரிசில் பாஸ் பண்ணி எங்கட ஸ்கூலுக்கு வந்தவள். விடிய எழும்பி பஸ் புடிச்சி மண்முனைப் பாலத்தால வாறவள், பஸ் பிந்தினா அண்டைக்கு ப்ரிஃபெக்ட்மார்கிட்ட ஏச்சு. அவள்ட அம்மா குவைத்ல வீட்டு வேலை, அம்மம்மாவோடதான் இரிக்கிறாள். கணக்குல எங்கட வகுப்புல அவளத் தாண்ட ஆள் இல்ல.

மற்றவள் தாரா. அவள்ட அப்பாக்கு டவுன்ல ரெண்டு கடை, மாமாமார் எல்லாரும் சுவிஸ். கெட்டவள் எண்டு நான் சொல்ல மாட்டன் மிஸ், எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கிடந்த நேரம் ஒவ்வொரு நாளும் நோட்ஸ் ஃபோட்டோ எடுத்து அனுப்பினது அவள்தான். ஆனா அவளோட நாலஞ்சு பேர் ஒரு செட், அவங்க சேர்ந்தா ஆளே மாறிடுவாள். ஆர் என்ன உடுத்துறது, ஆர்ட ஃபோன் என்ன, ஆர் ட்ரிப்புக்கு காசு கட்டல்ல, இதுதான் கதை. இந்தப் பக்கம் நிலாட செட்டும் சும்மா இல்ல, அவங்களும் "காசுக்காரியள்" எண்டு பட்டம் வச்சி, தாராக்கு மார்க்ஸ் குறைஞ்சா கை தட்டுற ஆக்கள்.

நிலாட அம்மா அவளுக்கு ஒரு சப்பாத்து அனுப்பினவ. நல்ல வடிவான வெள்ளைச் சப்பாத்து. ஸ்கூலுக்குப் போட ஏலாதெண்டு டியுசனுக்கு போட்டுட்டு வந்தாள், அவ்வளவு சந்தோசம் அவளுக்கு. அண்டைக்கு இரவு தாரா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல அந்தச் சப்பாத்துட ஃபோட்டோவப் போட்டு "குவைத் கக்கூஸ் கழுவினா இதெல்லாம் போடலாம்" எண்டு எழுதி சிரிக்கிற எமோஜியும் போட்டிருந்தாள். கொஞ்ச நேரத்துல அழிச்சிட்டாள், ஆனா பாக்க வேண்டிய எல்லாரும் பாத்து ஸ்கிரீன் ஷொட்டும் எடுத்தாச்சு. நிலா ஒரு சொல்லும் கதைக்கல்ல. அழவும் இல்ல. எனக்கு அதுதான் பயமா இருந்தது.

மறுகா அடுத்த கிழமை டியுசன்ல தாராட பேக்ல இருந்த சயன்ஸ், வரலாறு ரெண்டு சி.ஆர் கொப்பியும் காணாமப் போச்சு. ரெண்டு வருசத்து நோட்ஸ், எல்லா யூனிட்டுக்கும் ஷோட் நோட்ஸ் அதுக்குள்ளதான். அவள் குளறின குளறு இப்பவும் என்ட காதுல கேக்குது. எடுத்தது நிலா. எனக்கு மட்டும் சொன்னாள். கல்லடி பழைய பாலத்துல நிண்டு வாவிக்குள்ள எறிஞ்சாளாம், எறிஞ்சிட்டு பஸ் ஏறி வீட்ட போனாளாம். "நீ ஆருக்கும் சொல்ல மாட்டாய் எண்டு தெரியும்" எண்டாள். நானும் அம்மாமேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டன். எங்களோட வாணி எண்டு ஒரு புள்ள படிக்குது. அவள்ட அப்பா வாவியில தோணில மீனுக்குப் போறவர். டியுசன் காசு ஒழுங்காக் கட்ட மாட்டாள், கடைசி வாங்குல இருப்பாள், ஒருத்தரோடயும் பெரிசாக் கதைக்க மாட்டாள். அண்டைக்கு தாராட பேக்குக்குப் பக்கத்துல நிண்டது அவள்தானாம். தாராட அம்மா டியுசனுக்கு வந்து எல்லாருக்கும் முன்னால வாணிட பேக்க கவுத்துக் கொட்டினா. உள்ளுக்கு ஒண்டும் இல்ல, ஒரு லஞ்ச் பொக்ஸும் அழி ரப்பரும் ரெண்டு கொப்பியும்தான். அப்பிடியும் "நோட்ஸ் கொப்பி இல்லாத புள்ளைதானே எடுத்திருக்கும்" எண்டு சொல்லிட்டுப் போனா. சேர் ஒண்டும் சொல்லல்ல. அதுக்குப் பிறகு வாணி டியுசனுக்கு வாறல்ல, இப்ப ஸ்கூலுக்கும் வாறல்ல.

நிலாட்ட சொன்னன். "நான் சொன்னா என்ன ஸ்கூலால நிப்பாட்டுவாங்க, அம்மா அங்க செத்திடுவா" எண்டு சொல்லுறாள். தாரா என்னட்ட "உனக்குத் தெரியும், நீ எங்கட செட்டா அவங்கட செட்டா, ஒண்டச் சொல்லு" எண்டு கேக்கிறாள். வீட்டுல படிப்பு மண்டையில ஏறுதில்ல, அம்மா ஃபோன்தான் காரணம் எண்டு ஃபோன வாங்கி வச்சிட்டா. சொன்னா நான் நிலாக்குத் துரோகி, சொல்லாட்டி வாணிக்கு. நான் என்ன மிஸ் செய்யிற?

இப்படிக்கு,
டவுன் புள்ள

*

மகள்,

உன்ட கடிதத்த ரெண்டு தரம் வாசிச்சன். நிலாவப் பத்தியும் தாராவப் பத்தியும் பந்தி பந்தியா எழுதியிருக்காய், வாணியப் பத்தி ஒரு பந்திதான், ஆனா அந்தப் பந்திக்காகத்தான் நீ எழுதவே தொடங்கியிருக்காய் எண்டு எனக்கு விளங்கிச்சு. ஆகவே நானும் அவளில இருந்து தொடங்குறன்.

இந்தக் கதையில ஒரு பிழையும் செய்யாம, ஒரு செட்டுலயும் இல்லாம அடி வாங்கினது அவள் மட்டும்தான். ஓ/எல் நெருங்கேக்க ஸ்கூலுக்கு வராம நிக்கிற புள்ள திரும்பி வராமலே போகலாம், நான் அப்பிடிக் கனபேரக் கண்டிருக்கன். ஒரு கிழமை வெக்கத்துக்கு நிப்பாங்க, மறு கிழமை விட்ட பாடத்துக்குப் பயந்து நிப்பாங்க, அதுக்குள்ள வீட்டுல "சரி கடைக்கு வேலைக்குப் போ" எண்டிடுவாங்க. அதால உனக்கு யோசிச்சிட்டு இருக்க நிறைய நாள் இல்ல. இத உன்னப் பயங்காட்டச் சொல்லல்ல, எதுக்கு அவசரம் எதுக்கு அவசரமில்ல எண்டு பிரிச்சிக் காட்டத்தான் சொல்லுறன். தாரா கேக்கிற "எந்த செட்" கேள்விக்கு ஓ/எல் முடிஞ்சும் பதில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். வாணிக்கு அப்பிடி இல்ல.

இப்ப நிலா. அவள் செஞ்சது பிழை, அதுல கதையே இல்ல. ஆனா அந்தப் புள்ளைக்கு நடந்ததையும் சின்ன விசயமெண்டு நான் விட மாட்டன். 2022ல பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் வரிசையில நிண்டமே, அந்த வருசம் எங்கட மாவட்டத்துல எத்தின அம்மாமார் பாஸ்போட்ட எடுத்துட்டு வெளிக்கிட்டாங்க. அவங்க அனுப்பின காசுலதான் வீட்டுல அடுப்பு எரிஞ்சது, நாட்டுக்கு டொலரும் வந்தது. அந்த வேலைய கக்கூசோட சேத்து ஸ்டேட்டஸ்ல போட்டு சிரிக்கிறது பகிடி இல்ல. அம்மா இல்லாம வளர்ற புள்ளைக்கு அந்தச் சப்பாத்து அம்மாட கை பட்ட சாமான். நிலா அழல்ல, கதைக்கல்ல எண்டு எழுதியிருக்காய். அவமானம் வாயால வெளிய வர வழி இல்லாட்டி கையால வரும், பதினாறு வயசுல அது இன்னும் கெதியா வரும். இத நான் அவளுக்கு சாட்டு சொல்ல எழுதல்ல, அவளோட கதைக்கேக்க நீ எங்க இருந்து தொடங்கணும் எண்டு காட்டத்தான் எழுதுறன்.

படுவான்கரை எண்டா ஒரு மாதிரிப் பாக்கிற ஆக்கள் டவுன்ல இன்னும் இரிக்கிறாங்க. திங்கிற சோறும் தயிரும் அந்தக் கரையில இருந்து வரலாம், புள்ளைகள் வந்து பக்கத்துல இருந்தா மட்டும் குத்தும். முந்தி காணிச் சொந்தக்காரப் போடியார், அவர்ட வயல்ல வேலை செய்யிற முல்லைக்காரன் எண்டு வேளாமைக் காணியில கிடந்த பிரிவினை, இப்ப ஃபோன், சப்பாத்து, ட்ரிப் காசு எண்டு உங்கட வகுப்புக்குள்ள வந்து குந்தியிரிக்கி. இத உங்கட வயசுப் புள்ளைகள் தொடங்கல்ல, பெரியாக்கள்ட வாயில இருந்து பொறுக்கினதுதான். தாராட அம்மா ஒரு புள்ளைட பேக்க கொட்டிப் பாத்தாவே, அவ நிலாட பேக்க ஏன் கொட்டல்ல, உன்ட பேக்க ஏன் கொட்டல்ல? காசு கட்டாத புள்ளைக்காக ஒருத்தரும் கேக்க வர மாட்டாங்க எண்டு அவக்குத் தெரியும். சேரும் வாய் திறக்கல்ல. அந்தச் சேர்ல எனக்கு நல்ல கோவம்.

சரி, செய்ய வேண்டியதுக்கு வாறன்.

முதல்ல நிலாவோட தனியக் கதை. ஃபோன்ல வேணாம், மெசேஜ்ல அறவே வேணாம், அது நாளைக்கு ஸ்கிரீன் ஷொட்டாத் திரும்பி வரும். பக்கத்துல இருந்து கதை. "உன்ன மாட்டி விட மாட்டன், ஆனா வாணிக்காக நீ சொல்லத்தான் வேணும், சொல்லப் போகேக்க நான் உன்னோட வருவன்" எண்டு சொல்லு. கடைசியாச் சொன்னத விட்டுடாத. தனியப் போய் நிக்கிறதுதான் அவளுக்குப் பயம். மறுகா, இந்தக் கிழமைக்குள்ள அவள் சொல்லாட்டி நீ ஒரு பெரியாள்ட்ட சொல்லுவாய் எண்டதையும் ஒளிக்காமச் சொல்லிடு. பின்னால போய் சொல்லுறதுக்குத்தான் காட்டிக் குடுக்கிறது எண்டு பேர். முகத்துக்கு நேர சொல்லிட்டு செய்யிறது அது இல்ல. சத்தியம் எண்டு பயப்படுறாய். நீ அந்தச் சத்தியத்தப் பண்ணேக்க வாணிக்கு இப்பிடி நடக்குமெண்டு உனக்கும் தெரியா, அவளுக்கும் தெரியா. உன்ட அம்மாக்கு ஒண்டும் ஆகாது மகள்.

ஆரிட்ட சொல்லுறது எண்டதும் முக்கியம். நேர அதிபர்ட்டப் போக வேணாம், தாராட வீட்டுக்குப் போகவே வேணாம். ஸ்கூல்ல ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஒரு டீச்சர் இருப்பா, அவட்டப் போங்க. அப்பிடி ஆள் இல்லாட்டியோ நம்பிக்கை இல்லாட்டியோ, பிரதேச செயலகத்துல உளவளத்துணை செய்யிற உத்தியோகத்தர் இரிக்கிறார், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இரிக்கிறார், காசு ஒண்டும் இல்ல. உன்ட அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாம். ஃபோன வாங்கி வச்ச அம்மாதான், ஆனா விசயம் இதுதான் எண்டு தெரிஞ்சா அவதான் முன்னுக்கு நிப்பா எண்டு உன்ட எழுத்தப் பாத்தா தோணுது. நிலாவ ஸ்கூலால நிப்பாட்டுவாங்களோ எண்ட பயத்தையும் அந்த டீச்சர்ட்ட முதல்லயே சொல்லுங்க, ஸ்டேட்டஸ் விசயத்தையும் சேத்து சொல்லுங்க. தானா வந்து சொன்ன புள்ளைக்கும் புடிபட்ட புள்ளைக்கும் எந்த ஸ்கூல்லயும் ஒரே மாதிரி முடிவு எடுக்க மாட்டாங்க.

கொப்பிக்கு என்ன செய்யிற? வாவிக்குப் போனது போனதுதான். நோட்ஸத் திரும்ப உண்டாக்கலாம். உனக்கு டெங்கு வந்த நேரம் தாரா எடுத்து அனுப்பின ஃபோட்டோக்கள் உன்ட ஃபோன்ல இருந்தா அது அவள்ட சொந்த நோட்ஸ்தானே, அதுல இருந்தே தொடங்கலாம். மிச்சத்த வகுப்புல ஆளுக்கொரு யூனிட் பிரிச்சி எழுதினா கெதியா முடியும். நிலாக்கு கணக்கோட சயன்ஸும் ஓடும் எண்டு நினைக்கிறன், அவள் கூடுதலா எழுதட்டும்.

இதுல ஒரு காரணம் இரிக்கி. 1954ல அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல முசாஃபர் ஷெரிஃப் எண்ட உளவியலாளர் பதினொண்டு பன்னெண்டு வயசுப் பொடியன்கள் 22 பேர ஒரு முகாமுக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு குழுவாப் பிரிச்சார். போட்டி வச்சதும் அவங்க மற்றக் குழுட கொடிய எரிக்கிற அளவுக்குப் போயிட்டாங்க. அங்க வசதிக்காரன் ஏழை எண்ட பிரிவும் இல்ல, எல்லாம் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பொடியன்கள், அப்பிடியும் இவ்வளவு நடந்தது. மறுகா சமாதானம் ஆகட்டும் எண்டு ஒண்டா சாப்பாடு குடுத்துப் பாத்தாங்க, ஒண்டா படம் காட்டிப் பாத்தாங்க. சரி வரல்ல, சாப்பாட்டத் தூக்கி எறிஞ்சி சண்டை புடிச்சதுதான் மிச்சம். முகாமுக்கு வாற தண்ணி நிண்டு எல்லாரும் சேர்ந்து தேட வேண்டி வந்ததுக்குப் பிறகு, லொறி ஸ்டாட் ஆகாம எல்லாரும் ஒரே கயித்தப் புடிச்சி இழுத்ததுக்குப் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைஞ்சது. அதால ஆராவது டீச்சர் உங்கள எல்லாம் கூப்பிட்டு கை குடுக்க வச்சி கேக் வெட்டி சமாதானம் எண்டு சொன்னா அதப் பெரிசா நம்பாத. ஒண்டா இருந்து நோட்ஸ் எழுதுறது அதவிட வேலை செய்யும்.

தாராவ என்ன செய்யிற எண்டு நீ கேக்கல்ல, ஆனா அவளும் உன்ட கூட்டாளிதான். அவளுக்கு ஒண்டு சொல்லலாம்: "உன்ட கொப்பி போனதுக்கு எனக்குக் கவலை, நீ நிலாட அம்மாவச் சொன்னதுக்கும் எனக்கு உன்னோட கோவம்." ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லு. அவள் கத்துவாள், செட்டுக்கு முன்னால இன்னும் கத்துவாள், அதால அந்த நாலஞ்சு பேர் இல்லாத நேரமாப் பாத்துச் சொல்லு. ஒவ்வொரு நாளும் உனக்கு நோட்ஸ் அனுப்பின தாராவோடதான் நீ கதைக்கணும். அதுக்கும் அவள் ஒத்துக்கொள்ளாட்டி, நிலாட்ட மன்னிப்பு கேக்காட்டி, அது அவள்ட கணக்கு, நீ சுமக்காத.

இதெல்லாம் சொன்னாலும் நிலா உன்னோட கொஞ்ச நாள் கதைக்காம விடலாம். அது நோகும். நோகாது எண்டு பொய் சொல்ல எனக்கு ஏலா. ஆனா அவள் "செத்திடுவன்" மாதிரிக் கதை கதைச்சா, சாப்பிடாம படுக்காம இருந்தா, அத ரகசியமெண்டு வச்சிட்டு இருக்காத, உடன பெரியாள்ட்ட சொல்லு. 1926 எண்டது தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைட இலக்கம். வாணிட பேக்க எல்லாருக்கும் முன்னால கொட்டினது பத்தியும் அவள்ட அப்பா அம்மா விரும்பினா 1929ல கதைக்கலாம்.

நிலா சொன்னாலும் சரி சொல்லாட்டியும் சரி, வாணிட வீட்டுக்கு நாளைக்கே போ. ஆர் எடுத்தது எண்டெல்லாம் அங்க கதைக்காத, "நீ எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும்" எண்டு மட்டும் சொல்லு. போகேக்க அவள் விட்ட பாடத்து நோட்ஸும் கணக்குப் பாஸ் பேப்பரும் கொண்டு போ, திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போற வழியில அவள்ட கடப்படியில நிண்டு கூட்டிட்டுப் போ.

அன்போட,
மிஸ்