ஆடைக்குள் கைத்துப்பாக்கி: உறை, பெல்ட், உடல் குறித்த கேள்வி பதில்

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வோர் அனுப்பிய கேள்விகளுக்கு, அதற்கான பயிற்சியைப் பல ஆண்டுகளாக அளித்து வருபவன் என்ற முறையில் இங்கே விடையளிக்கிறேன். இவ்விடைகள், மறைத்து எடுத்துச் செல்வதைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களுக்கும், அதற்கான உரிமம் உடையவர்களுக்கும் மட்டுமே பொருந்தும்.

கேள்வி: என்னுடையது சிறிய துப்பாக்கி. உறை இல்லாமலே இடுப்பில் செருகிக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். அது சரியா?

பதில்: கூடாது. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரெஸ் 2008 நவம்பரில், நியூயார்க் நகரின் இரவு விடுதி ஒன்றில், இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி கால்சட்டைக்குள் நழுவியபோது அதைப் பிடிக்க முயன்று, தம் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அந்தத் துப்பாக்கிக்கு அவரிடம் உரிய அனுமதி இல்லாததால் சிறைத் தண்டனையும் பெற்றார். நழுவும் பொருளைக் கை தானாகவே எட்டிப் பிடிக்கிறது. அப்போது விரல் எங்கே போய் நிற்கும் என்பது யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. ஆகவே எந்தத் துப்பாக்கி என்று யோசிக்கும்போதே எந்த உறை என்பதையும் முடிவு செய்யுங்கள். சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் விரல் நுழைய வழியில்லாமல் முழுவதும் மூடுவது, குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கியை விடாமல் பற்றியிருப்பது, துப்பாக்கியை உருவிய பிறகும் வாய் மடங்காமல் திறந்தே நிற்பது ஆகிய மூன்றும் இல்லாத உறையை, அது எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: தோல் உறை நல்லதா, கைடெக்ஸ் உறை நல்லதா?

பதில்: இரண்டுமே நல்லவைதான். கைடெக்ஸ் என்பது சூடாக்கி அச்சில் வார்க்கப்படும் கெட்டியான பிளாஸ்டிக் தகடு. வியர்வையை உறிஞ்சாது, வடிவம் மாறாது, துப்பாக்கி சரியாக அமர்ந்ததும் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்கும். தோல் உடலோடு இணங்கிப் போகும். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்துவிடும். அப்படித் தளர்ந்த உறையின் விளிம்பு உள்ளே மடங்கி, துப்பாக்கியை மீண்டும் செருகும்போது விரலைப் போலவே விசையை அழுத்தி வெடிக்கச் செய்த விபத்துகள் உண்டு. தோல் உறை வைத்திருப்பவர்கள் அதன் வாய்ப்பகுதியை அடிக்கடி அழுத்திப் பாருங்கள். துணியைப் போல் வளைந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

கேள்வி: உடலில் எந்த இடத்தில் அணிவது? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: இடுப்பைக் கடிகார முகமாக எண்ணி, தொப்புளைப் பன்னிரண்டு மணியாகக் கொள்வது எங்கள் துறையின் வழக்கம். வலக்கைக்காரருக்கு மூன்று மணி என்பது இடுப்பெலும்பின் நேர் மேல். அங்கிருந்து சற்றே பின்தள்ளி நான்கு மணியில், கால்சட்டைக்கு உட்புறமாக, கைப்பிடி சிறிது முன்சாய்ந்திருக்கும்படி அணிவது பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. முன்புறம் ஒரு மணியில் அணிந்தால் விரைவாக உருவலாம், பிறர் கை எட்டாமல் காக்கலாம். ஆனால் குழல்வாய் தொடைக்கும் அடிவயிற்றுக்கும் மிக அருகில் இருப்பதால், கவனக்குறைவை அந்த இடம் சிறிதும் பொறுக்காது. முதுகின் நடுவே அணிவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மல்லாந்து விழுந்தால் இரும்புத்துண்டு முதுகெலும்பில் குத்தும், பின்னால் நிற்பவர் பார்ப்பதும் உங்களுக்குத் தெரியாது. தோளில் மாட்டும் உறைகளில் பல, குழல்வாயைப் பின்னால் நிற்பவரை நோக்கியே வைத்திருக்கின்றன. கணுக்கால் உறை நெடுநேரம் உட்கார்ந்து பணிபுரிவோருக்கு உதவும், நடப்பவருக்குச் சுமை.

கண்ணாடி முன் நின்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலியாக இருப்பதை இருமுறை சரிபார்த்து, அதை அணிந்தபடி நாற்காலியில் அமர்ந்து, தரையில் கிடப்பதை எடுத்து, கார் இருக்கைப் பட்டையை மாட்டிக் கழற்றி ஒரு நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்து பாருங்கள்.

கேள்வி: குழல் குட்டையான துப்பாக்கியை வாங்கியும் சட்டையின் மேல் வடிவம் புடைத்துத் தெரிகிறது. ஏன்?

பதில்: குழல் கால்சட்டைக்குள் கீழ்நோக்கி மறைந்துவிடுகிறது, வெளியே துருத்துவது கைப்பிடிதான். ஆகவே மறைப்பதற்குக் குழலின் நீளத்தைவிடக் கைப்பிடியின் நீளமே முக்கியம். இன்னும் சொல்லப்போனால், சற்று நீண்ட உறை பெல்ட்டுக்குக் கீழே உடலில் ஊன்றி நின்று, மேலே கைப்பிடியை உள்நோக்கிச் சாய்ப்பதும் உண்டு. உறையின் பக்கவாட்டில் நகம் போன்ற சிறு துண்டு பொருத்தப்பட்டிருந்தால், அது பெல்ட்டில் முட்டிக் கைப்பிடியை உடலோடு திருப்பிவிடும்; உறையின் அடியில் ஆப்பு வடிவ மெத்தை ஒன்றை ஒட்டினால் மேற்பகுதி இன்னும் உள்ளே சாயும், எலும்பில் அழுத்தமும் குறையும்.

கேள்வி: பிற்பகலுக்குள் இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடுகிறது, அடிக்கடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

பதில்: அந்தச் ‘சரிசெய்தல்’ என்னைக் கவலைப்படுத்துகிறது. உறையில் அசையாமல் இருக்கும் நல்ல நிலையிலுள்ள துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை; விபத்துகள் பெரும்பாலும் கை அதைத் தொடும் நேரத்தில்தான் நிகழ்கின்றன. வலி உங்களைத் திரும்பத் திரும்பத் தொட வைக்கிறது என்பதால், சொகுசு குறித்த உங்கள் கேள்வி உண்மையில் பாதுகாப்பு குறித்த கேள்வியே. முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தோட்டா நிரம்பிய கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கி ஏறக்குறைய 850 கிராம் எடையுள்ளது. சாதாரண மெல்லிய பெல்ட் அந்த எடையில் முறுக்கிக்கொண்டு, முழுப் பாரத்தையும் ஒரே புள்ளியில் இறக்கிவிடும். ஒன்றரை அங்குல அகலமும் உட்புறம் விறைப்பும் உள்ள பெல்ட் அதே எடையை இடுப்பைச் சுற்றிலும் பகிர்ந்துவிடும். கால்சட்டையின் இடுப்பளவு ஓர் அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். அதன் பிறகும் வலித்தால் உறையை அரை அங்குலம் நகர்த்திப் பாருங்கள்.

கேள்வி: நான் பெண். என் உடைகளில் பெல்ட்டுக்கே இடமில்லை. கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அம்மா, உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது, பெண்களின் உடையமைப்பை உறை செய்வோர் நெடுங்காலம் கவனிக்கவே இல்லை. ஆனாலும் கைப்பையை நான் கடைசி வழியாகவே சொல்வேன். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், கடைக்குச் சென்றிருந்த தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயதுக் குழந்தை எட்டியெடுத்ததில், அந்தத் தாய் அங்கேயே உயிரிழந்தார். அவர் வைத்திருந்தது துப்பாக்கிக்கெனத் தனி அறையுள்ள பையில்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். பையைக் கீழே வைக்காமல் ஒரு நாள் கூடக் கழிப்பது யாராலும் இயலாது. வயிற்றைச் சுற்றி அணியும் அகலமான பட்டை பெல்ட் இல்லாமலே உடலோடு நிற்கும். அதில் வெறும் துணிப்பை மட்டும் இல்லாமல், விசையை மூடும் கெட்டியான கூடும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: துப்பாக்கியை மீண்டும் உறைக்குள் செருகும்போது பயமாக இருக்கிறது. குண்டறையைக் காலியாக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: குண்டறை என்பது குழலின் பின்முனையில், சுடவிருக்கும் தோட்டா அமரும் இடம். அந்தப் பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். உருவுவதற்கு அவசரம் இருக்கலாம், திரும்பச் செருகுவதற்கு ஒருபோதும் அவசரமில்லை. விரலை விசையிலிருந்து விலக்கி, துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடின் பக்கவாட்டில் நீட்டி வையுங்கள். மற்றொரு கையால் சட்டையை நன்றாக மேலே தூக்குங்கள். உறையின் வாயைக் கண்ணால் பாருங்கள்; சட்டையின் நுனியோ மேலங்கியின் இழுகயிற்று முடிச்சோ விசை வளையத்துக்குள் புகுந்தால் போதும், துப்பாக்கி வெடித்துவிடும். முன்புறம் அணிபவர்கள் மேலுடலைப் பின்சாய்த்து, குழல்வாய் உடலை விட்டு விலகும்படி செய்யுங்கள். செருகும்போது சிறு தடை உணர்ந்தாலும் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்துக் காரணத்தைப் பாருங்கள். இதைவிடவும் நல்ல வழி, காலையில் உறையைத் தனியே கழற்றி, துப்பாக்கியை அதில் செருகிய பின் இரண்டையும் சேர்த்தே அணிவது. தொடக்கத்தில் சில வாரங்கள் குண்டறையைக் காலியாக வைத்துப் பழகுவதில் தவறில்லை. ஆனால் ஆபத்தில் ஒரு கை காயப்பட்டிருந்தால், குண்டறைக்குத் தோட்டாவை ஏற்ற ஸ்லைடை இழுப்பது கடினம் என்பதையும் அறிந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வியர்வையால் துரு பிடிக்கிறதே?

பதில்: நாள்தோறும் உலர்ந்த துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். உடல் பக்கம் உயர்ந்த தடுப்புள்ள உறையும் உதவும்.

கேள்வி: பொதுக் கழிப்பறையில் என்ன செய்வது?

பதில்: துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். கொக்கியில் மாட்டுவதும், தண்ணீர்த் தொட்டியின் மேல் வைப்பதும் மறந்துவிட்டுப் போவதற்கே வழி. பெல்ட்டை முழங்காலுக்கு மேலேயே மீண்டும் பூட்டி, உறையோடு சேர்த்துக் கால்சட்டையின் மடிப்புக்குள், உங்கள் பார்வைக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள். நழுவி விழுந்தாலும் எட்டிப் பிடிக்காதீர்கள். கீழே விழுந்தால் வெடிக்காதபடி அமைந்த துப்பாக்கிகளே இன்று பெரும்பாலும் விற்கப்படுகின்றன. விழுந்து அடங்கிய பின், விரல் விசையில் படாமல் எடுத்துக்கொள்ளலாம்.