கணினித் துறையில் பெண்கள் எண்ணிக்கையைக் கூட்ட என்ன வழி?

பெண் பிள்ளைகளுக்குக் கணினி மேல் ஆர்வம் வரவைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ராமநாதபுரம் கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவியல் சொல்லித் தருகிறேன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று பல ஊர்களிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் வகுப்பு நிறைந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பல வீடுகளில் படிப்பை நிறுத்தும் பேச்சு எழாமல் இருக்க அதுவும் ஒரு காரணம்.

குறைவது கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நேரம். வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தால் பெரும்பாலும் அது அண்ணன் கையில் இருக்கும். அம்மா பாசி எடுக்கக் கடலுக்குப் போகும் நாட்களில் சோறாக்குவதும் தம்பி தங்கைகளைப் பார்ப்பதும் மூத்த மகள்தான். லேப் வகுப்பு முடிந்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். புரோகிராமிங்கோ எர்ரர் வந்து, அதைத் தேடிப் பிடித்து, திருத்தி மறுபடி ஓடவிட்டால்தான் கைக்கு வரும். அந்த நேரம் கிடைக்காத பிள்ளை ரெக்கார்டு நோட்டை மனப்பாடம் செய்கிறாள். அவளைப் பார்த்து "பொம்பளப் பிள்ளைக்கு லாஜிக் வராது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

அமெரிக்காவிலும் இது நடந்திருக்கிறது. 1980களின் நடுவில் அங்கே கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள். அப்புறம் அது 20க்கும் கீழே போனது. வீட்டுக் கம்ப்யூட்டர் பரவிய காலம் அது. பல குடும்பங்களில் அது பையனுடைய அறைக்குள் போனது. கல்லூரியின் முதல் வகுப்பும் ஏற்கெனவே பழகி வந்தவனை வைத்தே ஓடியது. கலிபோர்னியாவில் உள்ள ஹார்வி மட் கல்லூரி இதை மாற்றிக் காட்டியது. முன்அனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதல் பாடத்தைத் தனித்தனியாக நடத்தினார்கள், ஜாவா என்ற புரோகிராமிங் மொழியை விட்டு, பழக எளிதான பைத்தான் மொழியில் தொடங்கினார்கள். அங்கே கணினி அறிவியல் எடுத்தவர்களில் சுமார் 10 சதவீதமாக இருந்த பெண்கள் சில வருடங்களில் 40 சதவீதம் ஆனார்கள். முதல் செமஸ்டரை இரண்டு பேட்ச்சாகப் பிரிக்க எந்தக் கல்லூரிக்கும் பெரிய பணம் தேவையில்லை. சனிக்கிழமை லேப்பைத் திறந்து வைத்து, பஸ்ஸும் விட்டால் இன்னும் நல்லது.

ஆனால் பெரிய இழப்பு டிகிரிக்கு அப்புறம்தான். இன்டர்வியூ சென்னையில் என்றால் ராத்திரி ரயில், கூட ஒரு ஆள், தங்க ஒரு இடம் வேண்டும். அப்பா கடலில் இருப்பார், இல்லையென்றால் வளைகுடாவில் இருப்பார். கூட யார் போவது? பாஸான பிள்ளை அப்படியே வீட்டில் தங்கிவிடுகிறாள், அடுத்து கல்யாணப் பேச்சு வந்துவிடுகிறது. பெற்றோர் கொடுமைக்காரர்கள் இல்லை. எங்கே தங்குவாள், நைட் ஷிப்ட் உண்டா, வண்டி வாசலுக்கு வருமா என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள். யாராவது உட்கார்ந்து பதில் சொன்னால் பாதி வீடுகள் இறங்கி வருகின்றன. நான் சொல்வதைவிட, ஏற்கெனவே வேலைக்குப் போன அதே தெருப் பெண் வந்து, "நான் இருக்கிற ஹாஸ்டல்லயே இவளும் இருக்கட்டும் சாச்சி" என்று சொன்னால் அதற்கு மதிப்பு அதிகம். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளைப் பற்றி இங்கே பல வீடுகளுக்குத் தெரியாது. அதை மூன்றாம் வருடத்திலேயே அம்மாக்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே என்பார்கள். சிலருக்கு அது சரி. ஆனால் புதிதாகச் சேர்ந்தவள் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தொழில் படிப்பாள். முதல் வேலையே வீட்டுக்குள் என்றால், சமையலுக்கு நடுவே லாகின் செய்கிற நிலைமைதான்.

நீங்கள் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பவர் என்றால், முதல் சுற்றுகளை ஆன்லைனில் வையுங்கள். ஆஃபர் லெட்டரோடு தங்குமிடம், ஷிப்ட் நேரம், வண்டி விவரத்தையும் தமிழில் எழுதி அனுப்புங்கள். அந்தத் தாளைத்தான் இங்கே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படிப்பார்கள்.