ஏற்றத்தில் கொதிக்கும் பிக்கப்: என்ஜினை இறக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் ஒரு புரோக்கர் மூலமாக 2018 மாடல் பொலேரோ பிக்கப் ஒன்றை 4.60 லட்சத்துக்கு வாங்கினேன். மீட்டரில் 92 ஆயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது. வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம் பக்கம் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனால் டம்டம் பாறை தாண்டுவதற்குள் ஹீட் முள் மேலே போய்விடுகிறது. இழுவை குறைந்து கரும்புகை வருகிறது. தினமும் ரேடியேட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுகிறேன். மெக்கானிக், "ஹெட் போயிருச்சு, என்ஜினை இறக்கி போரிங் பண்ணணும், 80 ஆயிரம் ஆகும்" என்கிறார். வண்டிக் கடனே முடியவில்லை. என்ன செய்வது? (வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதில் போரிங் செய்ய வேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம்கூட இல்லை. பிஸ்டன் ஓடுகிற உருளை தேய்ந்துபோனால் செய்கிற வேலை அது. அப்படித் தேய்ந்திருந்தால் வண்டி ஆயில் குடிக்கும், நீலப்புகை விடும், என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று பேக் அடிக்கும். இதில் எதையும் நீங்கள் சொல்லவில்லை. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் எரிந்த வாயுவும் கலக்காமல் தடுக்கிற தகடுதான் ஹெட் கேஸ்கெட். அது போயிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மெக்கானிக் எதை வைத்துச் சோதித்தார்? சோதிக்காமல் காதால் கேட்டு, கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்புக்கு 80 ஆயிரம் கொடுக்காதீர்கள்.

முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், சமவெளியில் ஒழுங்காக ஓடி மலையில் மட்டும் கொதிக்கிற வண்டியில் நான் முதலில் கை வைப்பது அந்த மூடியில்தான். நம் ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். டீசல் என்ஜினோ லோடு இழுக்கும்போது சாதாரணமாகவே 90 டிகிரியைத் தொடும். அப்படியிருந்தும் கொதிக்காமல் இருக்கிறதென்றால் அது மூடியின் புண்ணியம். குக்கர் மாதிரி அது உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் கொதிக்க 120 டிகிரி பக்கம் போக வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. மேலே ஏற ஏற தண்ணீர் கொதித்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போய்விடும். உங்கள் ஒரு லிட்டர் அப்படியே போய்க்கொண்டிருக்கலாம். புது மூடி சில நூறு ரூபாய்தான். பழைய மூடியில் என்ன அழுத்த எண் போட்டிருக்கிறதோ அதே எண்ணில் வாங்குங்கள். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்து முகமும் கையும் வெந்துபோனவர்களை என் பட்டறை வாசலிலேயே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ரேடியேட்டருக்குள் என்ன இருக்கிறது என்பது. விற்கிறவர்கள் செய்கிற ஒரு வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். ரேடியேட்டரில் சின்ன ஒழுகல் இருந்தால் வண்டியைக் காட்டும் நாளில் ஒரு பிடி மஞ்சள் தூளை உள்ளே போட்டுவிடுவார்கள். ஒழுகுகிற இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நீங்கள் ஓட்டிப் பார்க்கிற அரை மணி நேரத்துக்குச் சொட்டு விழாது. அந்தத் தூள் ஓட்டையை மட்டுமா அடைக்கும்? ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சேறு மாதிரி படிந்துவிடும். வாங்கி இரண்டு வாரம் ஆன ஒரு பிக்கப்பின் ரேடியேட்டரை நான் கழற்றியபோது பாதிக் குழாய்கள் மஞ்சள் களிம்பால் அடைந்து கிடந்தன. வாங்கியவர் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற வாழைக்காய் வியாபாரி. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. கடையில் விற்கிற ஒழுகல் அடைக்கும் திரவமும் இதே வேலையைத்தான் செய்கிறது, நீங்களும் அதை ஊற்ற வேண்டாம்.

இதோடு போர் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். திண்டுக்கல் மாவட்டத்துப் போர் தண்ணீர் வீட்டில் தண்ணீர் சுடவைக்கிற பாத்திரத்தில் எப்படி வெள்ளையாகப் படிகிறதோ அப்படியே என்ஜினுக்குள்ளும் படியும். நீங்கள் தினமும் ஊற்றுகிற ஒரு லிட்டர் என்ன தண்ணீர்? குழாய்த் தண்ணீர் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். ரேடியேட்டரைக் கழற்றி ரேடியேட்டர் வேலை மட்டும் செய்கிற கடையில் கொடுத்து உள்ளே படிந்ததெல்லாம் போக ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். "கழட்டிப் போட்டா ஹீட் ஆகாது" என்று சொல்லி அதைப் பிடுங்கி எறிகிற பழக்கம் நம் ஊர் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. பல என்ஜின்களில் சூடானதும் குறுக்குவழியை மூடி எல்லாத் தண்ணீரையும் ரேடியேட்டருக்கு அனுப்புவதே தெர்மோஸ்டாட்தான். அது இல்லாவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினையே சுற்றிக்கொண்டிருக்கும். சமவெளியில் வண்டி குளிர்ந்து ஓடி டீசலை வீணாக்கும், ஏற்றத்தில் சூடேறும். ரேடியேட்டர் ஃபேனை என்ஜினோடு இணைக்கிற ஃபேன் கப்ளிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். என்ஜினை நிறுத்திய சூட்டில் ஃபேனைக் கையால் சுற்றினால் நல்ல எதிர்ப்பு இருக்க வேண்டும். லேசாகச் சுழன்றால் கப்ளிங் போய்விட்டது.

சரி, இப்போது ஹெட் கேஸ்கெட்டுக்கு வருவோம். மூன்று சோதனைகள். காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்துவிட்டால் சந்தேகப்படலாம். மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யும்போது தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்தாலும் சந்தேகம்தான். ஆயில் கேஜ் குச்சியில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் கிட்டத்தட்ட உறுதி. இதற்கென்றே ஒரு நீல நிறத் திரவம் உண்டு. ரேடியேட்டர் வாயில் அதை வைத்துக் காற்றை உறிஞ்சினால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நிறம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். பத்து நிமிட வேலை. ரேடியேட்டர் கடையில் பிரஷர் டெஸ்ட்டும் செய்வார்கள். கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா, எங்கே கசிகிறது என்று பார்ப்பார்கள். இந்த இரண்டும் முடியாமல் என்ஜினில் ஸ்பேனர் வைக்க விடாதீர்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைத் தெரியாமல் நிறைய பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள், அதனால் நீட்டிச் சொல்கிறேன். தண்ணீர் குறைகிறது, கீழே சொட்டு விழவில்லை, காலையில் சைலன்சரில் வெண்புகை வருகிறது, பிரஷர் டெஸ்ட்டில் முள்ளும் இறங்குகிறது. இத்தனையும் இருந்தால் எல்லோரும் ஹெட் என்பார்கள். ஆனால் இஜிஆர் கூலர் என்று ஒரு சின்ன பாகம் இருக்கிற வண்டிகளில் அது ஓட்டையானாலும் இதே அடையாளங்கள்தான் வரும். புகையில் ஒரு பங்கை மறுபடி என்ஜினுக்குள் அனுப்புவதற்கு முன் குளிரவைக்கிற பாகம் அது. அதற்குள் ஒரு பக்கம் புகை ஓடும், பக்கத்திலேயே ரேடியேட்டர் தண்ணீர் ஓடும். நடுவில் இருக்கும் தகடு அரித்துவிட்டால் தண்ணீர் புகைப் பக்கம் போய் ஆவியாகிவிடும். ஹெட்டைக் கழற்றி, சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட்டு மாட்டினாலும் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். பிறகு "பிளாக்கிலேயே கிராக்" என்று அடுத்த பில் வரும். எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கூலரைக் கழற்றி, தண்ணீர் வழியின் ஒரு வாயை அடைத்து, இன்னொரு வாயில் காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். குமிழி வந்தால் குற்றவாளி கூலர். நீலத் திரவம் நிறம் மாறாமல் தண்ணீர் மட்டும் குறைகிறது என்றால் ஹெட்டுக்கு முன் கூலரைத்தான் கழற்ற வேண்டும்.

கரும்புகைக்கு வருகிறேன். கரும்புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை. முதலில் ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு காற்றை அழுத்தி அனுப்புகிற டர்போவிலிருந்து, அதைக் குளிரவைக்கிற இன்டர்கூலர் வழியாகப் போகிற ரப்பர் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். எங்காவது எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே கிழிசலோ தளர்ந்த கிளாம்ப்போ இருக்கும். லோடு இழுக்கும்போது காற்று அங்கே வெளியேறிவிடும். காலியாக ஓட்டினால் தெரியாது. இழுவை குறைவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இந்த மாதிரி கம்ப்யூட்டர் வண்டிகளில் பலவும் சூடு மிஞ்சினால் என்ஜினைக் காப்பாற்றத் தாங்களாகவே டீசலைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே சூட்டைச் சரிசெய்தாலே பாதி இழுவை திரும்பிவிடக்கூடும். ஆர்சியில் இருக்கிற மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துப் பாருங்கள், ஒரு நாள் லோடோடு எடை மேடையிலும் ஏற்றிப் பாருங்கள். அதற்கு மேல் அரை டன் போட்டுக்கொண்டு மலை ஏறினால் நான் சொல்வது எதுவும் உதவாது.

பழைய மெக்கானிக் யாராவது என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பழைய என்ஜினில் அது சரி. உங்கள் வண்டி காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகிற வகை. அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் ஓடுகிறது. டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் பாய்ந்துவிடும்.

சாவியைத் திருப்பும்போது, ஸ்டார்ட் செய்வதற்கு முன், மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று இன்றே பாருங்கள். எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது டேப் ஒட்டி மறைத்திருக்கிறார்கள். அந்த 92 ஆயிரம் கிலோமீட்டரையும் நான் நம்ப மாட்டேன். மீட்டரைக் குறைப்பது இன்று ஒரு லேப்டாப் வேலை. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் பளபளக்கிறதா, ஓட்டுநர் இருக்கை அமுங்கிவிட்டதா என்று பாருங்கள். அவை பொய் சொல்லாது.

"எஃப்சி இருக்கு, பயப்படாதீங்க" என்று, வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்றிதழைக் காட்டி புரோக்கர் சொல்லியிருப்பார். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் எஃப்சி. பெயிண்ட் அடித்து, ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டி, விளக்கைச் சரிசெய்து, ஏஜென்ட்டிடம் கொடுத்தால் சீட்டு வந்துவிடுகிறது. ரேடியேட்டருக்குள் மஞ்சள் இருக்கிறதா என்று அங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? ஏழை வாங்குகிற வண்டியை ஒழுங்காகச் சோதித்துக் கொடுக்க இந்த நாட்டில் ஓர் இடம் இல்லை என்பது எனக்குப் பல வருடக் கோபம். 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பழைய வண்டி வாங்கி விற்கிற டீலர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி அவர்கள் கையில் இருக்கும்வரை பொறுப்பும் அவர்களுடையது என்று. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்தது. உங்களுக்கு விற்ற பழைய வண்டிக் கடையிலோ புரோக்கரிடமோ அந்தச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், முகம் எப்படி மாறுகிறது என்று தெரியும்.

மூன்று மாதம் ஆகிவிட்டதே, ஆர்சி உங்கள் பெயருக்கு வந்துவிட்டதா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளர் கையெழுத்து வாங்கி புரோக்கர் "பார்த்துக்கொள்கிறேன்" என்று வைத்திருந்தால் நாளையே போய் வாங்கிவிடுங்கள். பழைய ஃபைனான்ஸ் பாக்கி இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான படிவம் 35 வேண்டும். இன்சூரன்ஸும் பெயர் மாறியிருக்க வேண்டும், அதற்கு 14 நாள்தான் கெடு.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: மூடி, ஃப்ளஷும் கூலன்ட்டும், தெர்மோஸ்டாட், ஏர் ஃபில்டரும் ஹோஸும், பிரஷர் டெஸ்ட், நீலத் திரவம், இஜிஆர் கூலர். ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே லோடோடு அதே மலைக்கு ஒரு டிரிப் போங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். வழியில் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, என்ஜினை உடனே அணைக்காமல் சற்று உயர்ந்த ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். நீராவி பீய்ச்சினாலோ தண்ணீர் முழுக்கப் போய்விட்டதாகத் தெரிந்தாலோ மட்டும் உடனே அணையுங்கள். பிரஷர் டெஸ்ட்டில் முள் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று குறித்து எனக்கு எழுதுங்கள், அதை வைத்து ஹெட்டைத் திறக்கலாமா என்று சொல்கிறேன்.