செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்: நெக் ஜாயின்ட் பற்றிய கேள்விகள்

பழைய கிட்டார் வாங்கப் போகிறவர்கள் நெக் ஜாயின்ட் (கிட்டாரின் நீண்ட கழுத்தான நெக், உடலான பாடியோடு சேரும் இடம்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, கிட்டார் பழுது பார்ப்பவன் என்ற முறையில் என் பதில்கள் இவை.

அண்ணா, ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார் பார்த்தேன். நெக் பாடியோடு சேரும் மூலையில் முடி மாதிரி ஒரு விரிசல். விட்டுவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. ஸ்க்ரூ போட்டு மாட்டிய நெக்கில் அது பெரும்பாலும் பெயின்ட் விரிசல்தான். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மேலே இருக்கும் கெட்டியான பூச்சு அதற்கு வளைந்து கொடுக்காது, மூலையில் வெடித்துவிடும். அதே கோடு மரத்துக்குள்ளும் போகிறதா என்பதுதான் கேள்வி.

கிட்டாரை மடியில் வையுங்கள். ஒரு விரல் நுனியை விரிசலின் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஹெட்ஸ்டாக்கை (தந்தி முறுக்கும் சாவிகள் இருக்கும் நெக்கின் நுனி) பிடித்து மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். மெதுவாக என்றால் மெதுவாகத்தான், பலம் காட்ட வேண்டாம். விரலுக்கடியில் கோடு திறந்து மூடுவது தெரிந்தால் மரமே பிளந்திருக்கிறது. ஒன்றும் தெரியாவிட்டால் அழகுக் குறைதான். அதைக் காட்டி விலையைக் குறைக்கப் பாருங்கள்.

நெக்குக்குப் பக்கவாட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. சத்தம் குறையுமா சார்?

பக்கவாட்டு இடைவெளிக்காக நான் எந்தக் கிட்டாரையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நெக் நகராமல் இருந்தால் போதும். கடைசி ஃப்ரெட்டில் (நெக்கின் மேல் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்) இரண்டு ஓரத் தந்திகளையும் பாருங்கள். மிக மெல்லிய தந்தியான ஈ (E) விளிம்பை விட்டு விழுகிற மாதிரி இருந்தால் நெக் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்க்ரூக்களைக் கால் சுற்று தளர்த்தி, நெக்கை நேராக இழுத்து வைத்து, மறுபடி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நெக்குக்கு அடியில், பாடியோடு ஒட்டாமல் இருக்கும் இடைவெளி வேறு கதை. ஸ்க்ரூ பாடியின் ஓட்டையில் தாராளமாக நுழைந்து நெக்கில் மட்டும்தான் கடிக்க வேண்டும். பாடியிலும் மரை கடித்தால் எவ்வளவு திருகினாலும் இரண்டும் நெருங்காது. ஒரு கிட்டார் என்னிடம் வந்தது, பின்பக்க பிளேட் கிண்ணம் மாதிரி குழிந்துபோய். இடைவெளியை மூட அதன் சொந்தக்காரர் இறுக்கிய இறுக்கு அப்படி! பாடி ஓட்டைகளைச் சற்றுப் பெரிதாக்கினேன், பத்து நிமிட வேலை.

நெக்கைக் கழற்றினால் உள்ளே ஒரு அட்டைத் துண்டு இருந்தது. ஏமாற்று வேலையா?

இல்லை. நெக்கைச் சற்றுச் சாய்க்க இப்படி மெல்லிய துண்டு (ஷிம்) வைப்பது பழைய வழக்கம், ஸ்ட்ராட்டோகாஸ்டர் செய்யும் ஃபெண்டர் கம்பெனி தொழிற்சாலையிலேயே வைத்திருக்கிறார்கள். 1970களில் மூன்று ஸ்க்ரூ நெக்கோடு அவர்கள் கொண்டுவந்த மைக்ரோ டில்ட்டும் (ஒரு ஸ்க்ரூவைத் திருகி நெக்கின் சாய்வை மாற்றும் ஏற்பாடு) இதே வேலைக்குத்தான்.

கணக்கு இதுதான்: பாக்கெட்டின் (பாடியில் நெக் உட்காரும் குழி) நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். அதன் உள்கோடியில் அரை மில்லிமீட்டர் அட்டை வைத்தால், பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பகுதி) இருக்கும் இடத்தில் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் மாறும். சிறிய துண்டு, பெரிய விளைவு. அதனால் அட்டையைப் பார்த்துப் பயப்படாமல் சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியும் உட்காரும் சிறு துண்டு) பாருங்கள். மேலும் கீழும் திருக அதில் இடம் மிச்சம் இருந்தால் வாங்கலாம்.

விற்பவர் 'ட்ரஸ் ராடைத் திருகினால் ஆக்‌ஷன் இறங்கிவிடும்' என்கிறார்.

ஆக்‌ஷன் என்பது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம். ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடும் கம்பி) நெக்கின் வளைவைத்தான் மாற்றும், கோணத்தை அல்ல. தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் அருகே தந்திக்கடியில் கால் மில்லிமீட்டர் அளவு வெளிச்சம் தெரிந்தால் வளைவு சரி. வளைவு சரியாக இருந்து, சேடில் அடிமட்டத்தில் உட்கார்ந்தும் ஆக்‌ஷன் உயரமாக இருந்தால் நெக்கின் கோணத்தில்தான் கோளாறு. ஒட்டிய நெக்கில் இது வந்தால் நான் வாங்க மாட்டேன்.

ஒட்டிய நெக்கில் அப்படி என்ன பயம்? லெஸ் பால் (கிப்ஸன் கம்பெனி மாடல்) மாதிரி ஒன்று எனக்குக் குறைந்த விலையில் வருகிறது. ஹீலில் (நெக் பாடியோடு சேரும் தடித்த அடிப்பகுதி) மெல்லிய கோடு.

1952இல் வந்த முதல் லெஸ் பாலிலிருந்தே அதன் நெக் பசை போட்டு ஒட்டியது. கழற்றி அட்டை வைக்க முடியாது. பசை விட்டிருந்தால் ஆவி காட்டிப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும், அப்புறம் பெயின்ட். மலிவான கிட்டாரில் கூலியே கிட்டார் விலையைத் தாண்டிவிடும்.

தந்திகள் முழு இழுப்பில் இருக்கும்போது கோட்டைப் போன் கேமராவில் படம் எடுங்கள். தந்திகளைத் தளர்த்திவிட்டு அதே இடத்தை மறுபடி எடுங்கள். இரண்டு படத்துக்கும் இடையே கோட்டின் அகலம் மாறினால் ஜாயின்ட் விட்டுவிட்டது. எஸ்ஜி (கிப்ஸனின் இன்னொரு மாடல்) வகையில் இன்னும் கவனம். நெக் பாடியை விட்டு வெகுதூரம் வெளியே நீண்டிருக்கும், பிடிமானத்துக்கு மரம் குறைவு. கோட்டின் ஓரம் எபாக்ஸி (கெட்டியான ரசாயனப் பசை) வழிந்து காய்ந்திருந்தால், அது எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம். எபாக்ஸியைப் பிரிப்பது மரப்பசையைப் பிரிப்பது போல் சுலபமில்லை.

ஒரு ஸ்க்ரூ மட்டும் சும்மா சுற்றுகிறது, பிடிக்கவில்லை.

நெக் ஓட்டையில் மரப்பசை தடவிய மூங்கில் குச்சிகளைச் செருகி, காய்ந்ததும் சிறிய துளை போட்டு மறுபடி திருகுங்கள். நாலு ஸ்க்ரூவும் அப்படிச் சுற்றினால் கெட்டி மர ஆணி அடித்துப் புதிதாகத் துளை போடுவது நல்லது.

விற்பவர் நெக்கைக் கழற்ற விடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் மேல் தப்பில்லை, நானும் முன்பின் தெரியாதவரைக் கழற்ற விடமாட்டேன். ஸ்க்ரூ தலைகளைப் பாருங்கள். பிளேட் துருப்பிடித்து, ஸ்க்ரூ மட்டும் புதிதாகப் பளபளத்தால், 'எப்போது மாற்றினீர்கள், எதற்கு?' என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விலையை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பேசுங்கள்.