சுடுதளத்தில் கீழே கிடக்கும் காலித் தோட்டா உறைகளைப் பொறுக்கி ரீலோடிங் செய்யலாமா?

கேட்டவரின் கேள்வி இதுதான்: ரேஞ்சில் மற்றவர்கள் சுட்டுவிட்டுப் போட்டுப் போகும் பித்தளை உறைகளை எடுத்து வந்து, புதுப் பிரைமர் (உறையின் அடியில் இருந்து, அடிபட்டதும் பொறி கொடுக்கும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி சுடலாமா, ஆபத்து ஏதும் உண்டா?

சுடலாம், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் கைத்துப்பாக்கி உறை என்றால் யோசிக்காமல் குனிந்து எடுப்பேன், ரைஃபிள் உறை என்றால் யார் சுட்டது, எதில் சுட்டது என்று தெரியாமல் தொட மாட்டேன். ஏன் இந்தப் பாகுபாடு என்று கீழே சொல்கிறேன், அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம்.

கீழே கிடக்கிறது என்பதற்காக அது யாருக்கும் சொந்தமில்லாத பொருள் ஆகிவிடாது. தரையில் விழுந்த பித்தளை எல்லாம் ரேஞ்சுக்கே சொந்தம் என்று விதி வைத்திருக்கும் இடங்கள் உண்டு, அவர்கள் அதைக் கூட்டிச் சேர்த்து விற்றுவிடுவார்கள். நீங்கள் சுட்டதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு, யாருமே கண்டுகொள்ளாத இடங்களும் உண்டு. முதல் நாளே கேட்டுவிடுங்கள். அப்புறம் பக்கத்துத் தடத்தில் சுடுகிறவரையும் கேளுங்கள், அவரே ரீலோடிங் செய்கிறவராக இருந்தால் அவர் காலடியில் நீங்கள் பொறுக்குவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரியும். "எடுத்துக்கப் போறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் போதும், ரீலோடிங் பழக்கம் இல்லாதவர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கிகளைக் காலி செய்து வைத்த பிறகுதான் சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டைத் தாண்டி முன்னால் போக வேண்டும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரீலோடிங்குக்கே தனி அனுமதி கேட்கும் நாடுகள் இருக்கின்றன, உங்கள் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, எதை எடுப்பது, எதை விடுவது?

.22 ரிம்ஃபயர் உறையை அப்படியே விட்டுவிடுங்கள் (.22, .45 என்பதெல்லாம் குண்டின் பருமனை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்லும் பெயர்கள்). அதில் பிரைமர் தனியாகக் கிடையாது, வெடிக்கும் கலவை விளிம்பு மடிப்புக்குள்ளேயே இருக்கிறது, சுடும்போது அந்த விளிம்பே நசுங்கிவிடுகிறது. அடுத்தது இரும்பு உறை. பித்தளை நிறத்தில் முலாம் பூசிய இரும்பு உறைகள் பார்வைக்கு ஏமாற்றும், பாக்கெட்டில் ஒரு காந்தம் இருந்தால் அந்தச் சந்தேகமே வராது. அலுமினியத்தைக் காந்தம் காட்டிக்கொடுக்காது, ஆனால் கையில் எடுத்ததுமே எடை காட்டிக்கொடுத்துவிடும். நிக்கல் பூசிய வெள்ளி நிற உறைகளை அலுமினியம் என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள் சிலர், அது உள்ளே நல்ல பித்தளைதான், எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, உறைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் நடுவே ஒரே ஓட்டை தெரிந்தால் அது பாக்ஸர் வகை, வேலைக்கு ஆகும். நடுவில் சின்ன மேடும் அதையொட்டி இரண்டு பொடி ஓட்டைகளும் தெரிந்தால் அது பெர்டான் வகை. பழைய பிரைமரைத் தள்ள வரும் ஊசி நேராக அந்த மேட்டில் போய் முட்டி வளையும், இல்லையென்றால் ஒடியும். வேடிக்கை என்னவென்றால் பாக்ஸர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பெர்டான் அமெரிக்கர், இரண்டுமே 1866இல் வந்த கண்டுபிடிப்புகள், கடைசியில் அமெரிக்கர்கள் பாக்ஸரையும் ஐரோப்பிய ராணுவங்கள் பல பெர்டானையும் பிடித்துக்கொண்டன.

இப்போது அந்தப் பாகுபாட்டுக்கு வருவோம். தோட்டா உறை என்பது ஏறக்குறைய 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. மருந்து எரிந்து அழுத்தம் ஏறும்போது உறை விரிந்து சேம்பரின் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டி வாயுவைப் பின்னால் வரவிடாமல் அடைக்கிறது, அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிக் கழன்று வருகிறது. ஒவ்வொரு முறையும் இப்படி விரிந்து சுருங்குவதில் உலோகம் இறுகிக்கொண்டே போகிறது. எவ்வளவு அழுத்தம் என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்கத் தொழில் தரப்படி .45 ஏசிபி என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் 21,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), 9 எம்எம்முக்கு 35,000, ஆனால் .223 ரைஃபிளுக்கு 55,000. கைத்துப்பாக்கி உறை குட்டை, நேரான சுவர், நீளவாக்கில் இழுபடுவதே குறைவு. அதனால் பல தடவை நிரப்பலாம், கடைசியில் உறையின் வாய்ப்பகுதியில் கீறல் விட்டு ஓய்ந்துபோகும். அந்தக் கீறலைக் கண்ணால் தேட வேண்டியதுகூட இல்லை. ஒரு கை உறையை அள்ளிக் குலுக்குங்கள், நல்ல உறைகள் கணீரென்று ஒலிக்கும், கீறல் விட்டது நடுவில் இருந்தால் தகரத்தைத் தட்டின மாதிரி மங்கலாக ஒரு சத்தம் கேட்கும்.

ரைஃபிள் உறை அப்படி இல்லை. அது நீளும், நீளும்போது அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் உள்பக்கமாக மெலிந்துகொண்டே வரும், ஒரு நாள் அந்த இடத்தில் உறை இரண்டாகப் பிய்ந்து அடிப்பாகம் மட்டும் வெளியே வரும், மிச்சம் சேம்பருக்குள் மாட்டிக்கொள்ளும், சூடான வாயு பின்னால் சுடுகிறவரை நோக்கியும் வரலாம். வெளியே பார்த்தால் சில சமயம் அந்த இடத்தில் பளபளப்பான கோடு ஒன்று தெரியும், பல சமயம் ஒன்றுமே தெரியாது. அதனால் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கூராக்கி, உறைக்குள் விட்டு உள்சுவரை அடியிலிருந்து மேலாக மெதுவாக வருடிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் கொக்கி தட்டும். தட்டினால் அந்த உறை பழைய பித்தளைக் கூடைக்குத்தான், இரண்டாவது யோசனை வேண்டாம். முகம் தெரியாத ஒருவர் ஏற்கெனவே எத்தனை முறை நிரப்பிச் சுட்டார், மருந்தை அளவாகப் போட்டாரா என்பதெல்லாம் அந்த உறையில் எழுதியிருக்காது. அதே சமயம் பக்கத்தில் ஒருவர் கடைத் தோட்டாவைப் பெட்டி பிரித்து என் கண் முன்னால் சுட்டு, பெட்டியோடு உறைகளையும் நீட்டினால் வாங்கிக்கொள்வேன், அதைவிட நல்ல பித்தளை ரேஞ்சில் கிடைக்காது.

உறையின் அடிப்பக்கத்தில் வட்டத்துக்குள் சிலுவையும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கமும் இருந்தால் அது நேட்டோ ராணுவத் தோட்டா. பிரைமர் கழன்று விழாமல் இருக்கச் சுற்றிலும் உலோகத்தை அழுத்திக் கவ்வவிட்டிருப்பார்கள், அந்தக் கவ்வலை எடுத்தால்தான் புதுப் பிரைமர் நேராக உட்காரும். ஒருமுறை எடுத்தால் அந்த உறையின் ஆயுளுக்கும் போதும். 7.62 எம்எம் ராணுவ ரைஃபிள் உறைகளின் சுவர் பொதுவாகத் தடிமன், உள்ளே இடம் குறைவு, ஆகவே கடை உறைக்கு வைத்த அதே மருந்தளவை இதற்கு வைத்தால் அழுத்தம் எகிறும்.

கைத்துப்பாக்கி உறைகளில் ஆபத்தைவிடத் தொந்தரவுதான் அதிகம். 17 மில்லிமீட்டர் நீளமுள்ள .380, 19 மில்லிமீட்டர் நீளமுள்ள 9 எம்எம்மோடு கலந்து வரும், பருமன் ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும். .45இல் பெரிய பிரைமர் உறையும் உண்டு, சின்ன பிரைமர் உறையும் உண்டு, பிரிக்காமல் பிரஸ்ஸில் (ரீலோடிங் செய்யும் இயந்திரம்) ஏற்றினால் நடுவில் பிரஸ் முரண்டு பிடிக்கும். 9 எம்எம் போய் .40க்குள் சொருகிக்கொள்ளும், .40 போய் .45க்குள் சொருகிக்கொள்ளும், கழுவும் டிரம்மில் போட்டால் இறுகி வரவே வராது. முதலில் அளவுவாரியாகப் பிரித்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். பிரிக்கும்போதே ஒவ்வொன்றையும் ஒரு பார்வை பாருங்கள், வெடிக்காமல் போன முழுத் தோட்டா காலி உறைகளோடு கலந்து வருவது உண்டு. அதை டிரம்மில் போடுவதோ பிரைமரைத் தள்ளப் பார்ப்பதோ கூடாது, ரேஞ்சில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெயில் மழையில் கிடந்து கறுத்த உறை பிரச்சினை இல்லை, கழுவினால் நிறம் திரும்பும். இளஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் மட்டும் வேண்டாம், அங்கே துத்தநாகம் கரைந்து போய் வெறும் செம்பு நிற்கிறது, வலு கிடையாது. அதேபோல அம்மோனியா கலந்த பாலிஷ் எதுவும் வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டா உறைகள் சுடாமலேயே கீறல் விட்டன, குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக்காற்றில் பித்தளையைத் தின்றதுதான் காரணம் என்பது பிற்பாடு 1921 வாக்கில்தான் தெளிவாயிற்று.

கடைசியாக ஈயம். பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது, எரிந்த பிறகு அது உறைக்குள் கரியாகப் படிந்திருக்கும். உலர் முறையில் மெருகேற்றினால் அந்தத் தூசி வீடெல்லாம் பறக்கும், அதனால் நான் தண்ணீரும் ஸ்டெயின்லெஸ் ஊசிகளும் போட்டுத்தான் கழுவுகிறேன், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுப்பதில்லை. ரேஞ்சில் தொப்பியைக் கழற்றி அதில் உறைகளை அள்ளிவிட்டு அதையே திரும்பத் தலையில் மாட்டிக்கொள்கிறவர்களை இன்றும் பார்க்கிறேன். ஒரு வலைப்பை கொண்டுபோங்கள், கையை சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் போடாதீர்கள், அந்தத் துணிகளைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.