கடைசி வரி வரை வாசித்தேன், எனக்கென்ன பயம்? விழித்திரை பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் படலமான விழித்திரை பற்றியவை. பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் வைத்துச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

நெல்லியடி, 54 வயது: எனக்கு 11 வருடமாகச் சலரோகம் (நீரிழிவு). பார்வையில் ஒரு குறையும் இல்லை. போன மாதம் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தேன். ஆனாலும் கிளினிக்கில் கண் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்திருக்கிறார்கள். துளிமருந்து விட்டால் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாது என்கிறார்கள். கட்டாயம் போக வேண்டுமா, டொக்டர்?

கட்டாயம் போங்கள். கடைசி வரி வரை வாசித்தேன் என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கவலை தருகிறது. எழுத்துப் பலகை சோதிப்பது விழித்திரையின் நடுவிலுள்ள மக்யுலா என்ற சின்னஞ்சிறு இடத்தை மட்டும். சலரோகம் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் வேலையைத் தொடங்குகிறது. முதலில் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து ஊசிமுனை அளவு புடைப்புகள் வரும். பிறகு கசிவு, சிறு இரத்தத் திட்டுகள். அப்புறம் சில குழாய்கள் அடைபட்டுப்போகும். இரத்தம் கிடைக்காத பகுதி விடும் இரசாயனச் சைகையால் புதிய குழாய்கள் முளைக்கும். நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அவை தொட்டால் உடையும் குழாய்கள். ஒரு நாள் காலையில் அவற்றில் ஒன்று உடைந்து கண்ணுக்குள் இரத்தம் நிரம்பும். முதல் நாள் இரவு வரை அந்த மனிதர் 6/6 (முழுப் பார்வை) வாசித்திருக்கலாம்.

விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லை. அதனால் நோய் தானாக வந்து சொல்லாது, யாராவது உள்ளே பார்த்தால்தான் தெரியும். என் பெரியம்மாவுக்கு 20 வருடம் சலரோகம். வீட்டுப் படியைக் கையால் தடவி ஏறிய அன்றுதான் நான் அவரது கண்ணுக்குள் பார்த்தேன். அந்தத் தாமதம் என்னுடையது. இன்றும் மறக்கவில்லை.

இரண்டாம் வகைச் சலரோகம் என்றால், நோய் கண்டுபிடித்த உடனேயே ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை பார்க்க வேண்டும். எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாத நோய் அது, அதனால்தான் உடனே. இளவயதில் இன்சுலினுடன் தொடங்கும் முதலாம் வகைக்கு 5 வருடத்துக்குள் முதல் சோதனை. ஏற்கெனவே சலரோகம் உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இந்த நோய் வேகமாக முற்றக்கூடும்.

துளிமருந்து விட்டு 20, 30 நிமிடத்தில் கண்மணி விரியும். பிறகு நாலைந்து மணித்தியாலம் கிட்டப் பார்வை மங்கும், வெயில் கூசும். மோட்டார் சைக்கிளில் தனியாக வராதீர்கள். ஒரு கறுப்புக் கண்ணாடியும் கூட ஓர் ஆளும் போதும். மறுநாள் வேலைக்குப் போகலாம்.

மானிப்பாய்: கிளினிக் கொப்பியில் "என்.பி.டி.ஆர்" என்று எழுதியிருக்கிறது. கேட்கப் பயமாக இருந்தது.

கேளுங்கள். அது உங்கள் கண். "டி.ஆர்" என்றால் சலரோகத்தால் வந்த விழித்திரை நோய். முன்னால் "என்.பி" இருந்தால் புதுக் குழாய் இன்னும் முளைக்கவில்லை, "பி" மட்டும் இருந்தால் முளைத்துவிட்டது. "எடீமா" என்று எழுதியிருந்தால் மக்யுலாவில் நீர் கோத்திருக்கிறது. உங்களுடையது கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டிய கட்டம், கலங்க வேண்டிய கட்டம் இல்லை. மிதமானதா கடுமையானதா என்று மட்டும் அடுத்த முறை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்க உதவும் கருவியை ஜேர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851இல். அந்தக் காலத்திலேயே நோயைத் தமிழில் விளக்கியவர்கள் இருந்த ஊர் உங்களுடையது. நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்வது எங்கள் கடமை.

சுன்னாகம்: அம்மாவுக்கு ஓ.சி.ரி ஸ்கேன், கையில் ஊசி போட்டு எடுக்கும் சாயப் படம் என்று இரண்டு எழுதித் தந்தார்கள். ஒன்று போதாதா?

சிலருக்கு ஒன்றே போதும். இரண்டும் ஏன் என்பதற்கு உங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். கிணறு வெட்டும்போது மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக் கல், எந்த அடுக்கில் நீர் நிற்கிறது என்பதெல்லாம் வெட்டுமுகத்தில் தெரியும். ஓ.சி.ரி அப்படித்தான். கண்ணைத் தொடாமல், ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளை வெட்டுமுகமாகக் காட்டும். ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு அளவு நுணுக்கம் வரை தெரியும், சில விநாடியில் முடியும். 1991இல் அறிமுகமானது.

ஆனால் நீர் நிற்பது தெரிந்தாலும், அது எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று வெட்டுமுகம் எப்போதும் சொல்லாது. அதற்குத்தான் சாயப் படம். கை நாளத்தில் ஏற்றும் ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயம் 10, 15 விநாடியில் கண்ணை எட்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுத்தால் எந்தக் குழாய் கசிகிறது, எந்தப் பகுதிக்கு இரத்தமே போகவில்லை என்று தெரியும். இந்த முறையை 1961இல் வெளியிட்டவர்கள் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மருத்துவ மாணவர்கள், நொவொற்னியும் அல்விசும்.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: தோல் சில மணித்தியாலம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் ஒரு நாள் கடும் மஞ்சளாகப் போகும், சிலருக்குக் கொஞ்சம் குமட்டும். ஆஸ்துமா, முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது, சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

காரைநகர்: மூன்று நாளாக வலக்கண்ணில் நுளம்புக் கூட்டம் பறக்கிற மாதிரி. இருட்டில் மின்னல் போலவும் தெரிகிறது. திருவிழா முடியக் காட்டலாமா?

தம்பி, இதை வாசித்த உடனே புறப்படுங்கள். வருடக்கணக்காக மிதக்கும் ஒன்றிரண்டு புள்ளிகள் பயப்படும்படியானவை அல்ல. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் களி சுருங்குவதால் அவை வரும். ஆனால் திடீரென்று கூட்டமாக வந்தால், மின்னல் சேர்ந்தால், ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தால், விழித்திரை கிழிந்திருக்கலாம். கிழிசலோடு வந்தால் லேசரால் சுற்றி அடைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். விழித்திரை பிரிந்து மக்யுலாவும் கழன்ற பிறகு வந்தால் பெரிய சத்திரசிகிச்சை, பழைய பார்வை திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. கிட்டப்பார்வைக் கண்ணாடி கனமாகப் போடுகிறவர்கள், கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இரத்தம் மறைத்து உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் இமைக்கு மேலே அல்ட்ராசவுண்ட் வைத்தும் பார்த்துவிடுவோம்.

கோப்பாய்: அப்பாவுக்கு 71 வயது. யன்னல் கம்பி வளைந்து தெரிகிறது என்கிறார். கண்புரைதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அவர் சுருட்டுப் பிடிப்பவர்.

கண்புரை மங்கலாக்கும், நேர்கோட்டை வளைக்காது. கோடு வளைந்தால் மக்யுலாவைப் பார்க்க வேண்டும். முதுமையில் வரும் மக்யுலா நோயின் ஈர வகை, அதாவது புதுக் குழாய் முளைத்துக் கசியும் வகை, இப்படித்தான் தொடங்கும். அப்பாவுக்கு வாசிப்புக் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி, கட்டம் போட்ட கணக்குக் கொப்பியின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஓரடித் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடு நெளிந்தால் அந்த வாரமே ஓ.சி.ரி எடுக்க வேண்டும். கண்ணுக்குள் போடும் ஊசிகள் இந்த வகையைக் கட்டுப்படுத்தும், பிந்தினால் தழும்பு விழுந்துவிடும். சுருட்டை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த நோய்க்குப் புகை பெரிய காரணம்.

சாவகச்சேரி: மூட்டு வருத்தத்துக்கு ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் எடுக்கிறேன். கண் போகுமா?

அளவோடு எடுத்தால் ஆபத்து குறைவு. உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. முதல் வருடத்துக்குள் ஒரு தடவை, 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் கண் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அதற்கு முன்பே தொடங்க வேண்டும். பயத்தில் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பருத்தித்துறை: மகள் 31 வாரத்தில் பிறந்தாள். வீட்டுக்கு வந்துவிட்டோம். கண் பார்க்க ஒரு திகதி தந்திருக்கிறார்கள். குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரைக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது, தவறான பாதையில் வளரலாம். வெளியிலிருந்து பார்க்கும் தாய்க்கு ஒன்றும் தெரியாது. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்து 30 நாளுக்குள் முதல் சோதனை என்று வைத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கான காலம் சில நாட்களே என்பதால்தான் இந்த அவசரம்.

குருநகர்: மைத்துனர் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். பிரபல கண் வைத்தியர் ஒருவர் எழுதியதாம். வெங்காயச் சாறு விட்டால் சலரோகக் கண் நோய் மாறும் என்கிறது. உண்மையில் அவர்தான் எழுதினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்தாளரைக் கண்டறியும் துறை ஒன்று இருக்கிறது. அங்கும் எங்களைப் போலவே கண்ணில் படாத சிறியவற்றைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வந்த 85 கட்டுரைகளில் 12, ஹமில்ட்டன் எழுதியவையா மடிசன் எழுதியவையா என்று நெடுங்காலம் தகராறு இருந்தது. புள்ளிவிபரவியலாளர்களான மொஸ்ரெல்லரும் வொலஸும் 1964இல் வெளியிட்ட ஆய்வில் சின்னச் சொற்களை எண்ணினார்கள். 'அப்பொன்' (upon) என்ற ஆங்கிலச் சொல்லை ஹமில்ட்டன் அடிக்கடி எழுதுவார், மடிசன் அரிதாகத்தான் எழுதுவார். இப்படி எண்ணியதில் 12உம் மடிசன் பக்கமே சாய்ந்தன. பெரிய சொற்களைப் பிறர் போல எழுதிவிடலாம். 'ஆனால்' எழுதுகிறோமா 'எனினும்' எழுதுகிறோமா என்பதை நாமே கவனிப்பதில்லை.

ஆனால் பத்து வரிச் செய்தியில் எண்ண ஒன்றும் இராது. அதனால் ஆளைத் தேடுவதை விட்டுச் செய்தியைப் பாருங்கள். கண்ணின் மேற்பரப்பில் விடும் சாறு பின்சுவரில் உடைந்த குழாயை அடைக்காது. கருவிழியைப் புண்ணாக்கும். யார் பெயரில் வந்தாலும் இது பிழைதான். மைத்துனருக்குச் சலரோகம் இருக்கிறதா? இருந்தால், துளிமருந்து விட்டுக் கடைசியாகக் கண் பார்த்தது எப்போது என்று அவரிடம் கேளுங்கள்.